போனஸ் கவரும் பி.எஃப். சலானும்: மதுரைச் சிறுதொழில் முதலாளிகளுக்கு ஒரு வரி வழிகாட்டி

கப்பலூர் சிட்கோவில் தையல் யூனிட் நடத்தும் ஒருவருக்குப் பல வருடமாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். நல்ல மனுஷர். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானமே மிஷின்களை நிறுத்திவிட்டு, ஆள் ஆளாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டில் கவரை வைத்துக் கொடுப்பார். கவருக்குள் 15,000 ரூபாய் ரொக்கம். இருபது பேர். மார்ச் முடிந்து கணக்கைக் கொண்டுவந்தபோது, "அண்ணே, போனஸ் மூணு லட்சம், மறக்காம ஏத்திருங்க" என்றார். ஏற்றினேன். ஏற்றிய கையோடு வரிக் கணக்கில் அந்த மூன்று லட்சத்தையும் லாபத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று. அவருடையது பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டாண்மை நிறுவனம். வரி 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். ஆக 93,600 ரூபாய் கூடுதல் வரி.

"குடுத்தது உண்மை, வாங்குனவன் இருக்கான், கையெழுத்து இருக்கு. அப்புறம் என்னண்ணே?" என்று கேட்டார். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு ஏற்கப்படாது என்கிறது வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவு. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஐயாயிரம் மட்டுமல்ல, முழுப் பதினைந்தாயிரமும் போய்விடும். தொழிலாளிக்குச் செய்கிற எந்தச் செலவிலும் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை வரிக்காரர்கள் கடைசியில்தான் பார்ப்பார்கள். எந்தத் தேதியில், எந்த வழியில் போனது என்பதுதான் முதல் கேள்வி. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே உள்ளவை 2025-26 நிதியாண்டுக் கணக்குக்கான விதிகள், அதாவது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. 2026 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் ஆண்டுக்கு 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்களும் சில வரம்புகளும் அதில் வேறு. பழைய எண்ணை வைத்துக்கொண்டு புது ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டாம்.

முதல் வேலை: ஆளை எண்ணுங்கள்

வரிக்கு முன்னால் எந்தச் சட்டம் உங்களைப் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும். 10 பேர் என்றால் இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிராஜுவிட்டியும் (விலகும்போது தரும் பணிக்கொடை). 20 பேர் என்றால் பி.எஃப். (சேமநிதி), போனஸ் இரண்டும் சேரும். எண்ணும்போது காண்டிராக்டர் மூலம் வருகிறவர், வாட்ச்மேன், கூட்டிப் பெருக்க வரும் அம்மா எல்லோரும் கணக்கில் உண்டு. "நமக்குப் பதினெட்டுப் பேர்தானே" என்று சொல்கிற இடங்களில் நான் வாசலில் நின்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இருபத்திரண்டு வரும். ஒருமுறை பி.எஃப். வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. இ.எஸ்.ஐ.க்கும் கிராஜுவிட்டிக்கும் அப்படியே.

முதலாளி தொழிலாளி ஆக மாட்டார். தனி உரிமையாளர் தன் பெயரில் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டைத் தொழில் செலவில் எழுத முடியாது. பங்குதாரர் வாங்கும் சம்பளமும் வரிச் சட்டத்தில் சம்பளம் இல்லை. மனைவியோ தம்பியோ உண்மையாக வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினால் சரி. வேலைக்குப் பொருந்தாத தொகையாக இருந்தால் அதிகப்படியை அதிகாரி வெட்டலாம்.

இரண்டாவது: நீங்கள் எந்தக் கூடை?

ஆண்டு விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்து (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடி வரை) 44ஏடி பிரிவில் உத்தேச லாபம் காட்டுகிறீர்களா? அப்படியானால் ரொக்க வரவுக்கு 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டி முடித்துவிடுகிறீர்கள். எல்லாச் செலவும் அதற்குள் அடக்கம். பி.எஃப்., போனஸ், காப்பீடு எதையும் தனியாகக் கழிக்க இடமில்லை, தாமதத்துக்காகத் திரும்பச் சேர்க்கவும் வேலையில்லை. கீழமாசி வீதி மளிகைக் கடைகள் பலவற்றுக்கு இதுதான் கதை. ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. அது வேறு ஆபீஸ், வேறு நோட்டீஸ். சொக்கிகுளம் பி.எஃப். ஆபீஸ்காரர்களுக்கு நீங்கள் பீபீகுளத்தில் வருமான வரி எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில் அக்கறை இல்லை.

முறையான லாப நட்டக் கணக்கு எழுதி, முக்கியமாக ஆடிட் செய்கிறவர்களுக்குத்தான் இனி வருவது எல்லாம்.

மூன்றாவது: மாதாமாதம் 15ஆம் தேதி

இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பி.எஃப்.பில் 15,000 ரூபாய் ஊதிய வரம்பில் தொழிலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். முதலாளி பங்கும் 12 சதவீதம்தான், அதில் 8.33 ஓய்வூதியத்துக்குப் போகும், 3.67 சேமநிதிக்கு. இதோடு காப்பீட்டுக்கு 0.5, நிர்வாகக் கட்டணம் 0.5. ஆக முதலாளி கையிலிருந்து 13 சதவீதம். இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு: தொழிலாளி 0.75, முதலாளி 3.25. பதிலுக்குத் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் குடும்பத்தோடு வைத்தியம். ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

வரிச் சட்டம் இந்த இரண்டு பங்கையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

உங்கள் பங்கு, அதாவது முதலாளி பங்கு, 43பி பிரிவில் வரும். 15ஆம் தேதியைத் தவறவிட்டாலும், வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டால் அந்த ஆண்டுச் செலவாக ஏற்பார்கள். அதையும் விட்டால் கட்டுகிற ஆண்டில் கிடைக்கும். தள்ளிப்போகுமே தவிர அழிந்துபோகாது.

தொழிலாளியிடம் பிடித்த பங்கு அப்படி இல்லை. அது அவருடைய பணம், உங்களிடம் இருப்பது நம்பிக்கைப் பொறுப்பு. பிடித்தவுடன் வரிச் சட்டம் அதை உங்கள் வருமானமாகவே எடுத்துக்கொள்ளும். 15ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த வருமானத்திலிருந்து கழிவு. 16ஆம் தேதி கட்டினால் அந்த ஆண்டிலும் கிடையாது, எந்த ஆண்டிலும் கிடையாது. ரிட்டர்ன் தேதிக்குள் கட்டினால் போதும் என்று சில உயர் நீதிமன்றங்கள் ஒருகாலத்தில் சொல்லிவந்தன. 2021 நிதிச் சட்டம் விளக்கம் சேர்த்து அந்த வழியை அடைத்தது; 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்தே கதவைப் பூட்டிவிட்டது.

ஒரு நாள் தாமதத்தின் விலை என்ன? 22 பேர், ஆளுக்கு 15,000 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். தொழிலாளி பங்கு 39,600. இ.எஸ்.ஐ. ஆளுக்கு 113 வீதம் 2,486. மொத்தம் 42,086 ரூபாய். இதைக் கழிவில்லாமல் வருமானத்தில் சேர்த்தால் 31.2 சதவீதத்தில் வரி 13,131 ரூபாய். பி.எஃப். ஆபீஸ் கேட்கும் 12 சதவீத ஆண்டு வட்டி ஒரு நாளுக்குப் பார்த்தால் டீச் செலவு. பெரிய அடி வருமான வரியில்தான். இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை.

நம் ஊர்க்காரர்கள் இரண்டு மாதத்தில் தவறாமல் மாட்டுவார்கள். டிசம்பர் சந்தாவுக்குக் கடைசி நாள் ஜனவரி 15, பொங்கலை ஒட்டிய நாள். அவனியாபுரத்தில் மாடு அவிழ்த்துவிடும் நேரத்தில் யார் சலான் போடுவது? அப்புறம் பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஓடிவிடும். இன்னொன்று ஆகஸ்ட் 15. விடுமுறை என்பதற்காகக் கெடு தள்ளிப்போகும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லும் தேதி 10. சம்பளம் 7ஆம் தேதி போட்டால், மூன்று நாளில் சலானும் போய்விட வேண்டும். சலான் உருவாக்கிய தேதியை வைத்து யாரும் விடமாட்டார்கள். வங்கியிலிருந்து பணம் போன தேதிதான் கணக்கு.

இன்னொரு சங்கதி. கையில் பணம் பாதிதான் இருக்கிறது என்றால், தொழிலாளி பங்கை முதலில் அனுப்பிவிடலாமா என்று கேட்பார்கள். வரிக் கண்ணோட்டத்தில் கேள்வி நியாயமானது. ஆனால் பி.எஃப். சலான் இரண்டு பங்கையும் சேர்த்தே கேட்கும். அதனால் சரக்குக்காரரை நாலு நாள் காக்க வையுங்கள், பி.எஃப்.பைக் காக்க வைக்காதீர்கள்.

நான்காவது: போனஸ், அதிலும் இந்தத் தீபாவளி

சட்டப்படியான போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், கூடியது 20. ஆண்டில் 30 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். 8.33 என்பது பன்னிரண்டில் ஒன்று; நம் கடைகளில் "ஒரு மாசச் சம்பளம் போனஸ்" என்று சொல்வதன் கணக்கு அதுதான். நிதியாண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும் என்பது தொழிலாளர் சட்டம்.

வரிச் சட்டத்தின் கெடு வேறு. மார்ச் 31 அன்று "கொடுக்க வேண்டிய போனஸ்" என்று கணக்கில் எழுதி வைத்திருந்தால், ரிட்டர்ன் கெடுவுக்குள் அது கை மாறியிருக்க வேண்டும். ஆடிட் உள்ளவர்களுக்கு அந்தக் கெடு அக்டோபர் 31. போன வருடம் தீபாவளி அக்டோபர் 20. இந்த 2026இல் நவம்பர் 8. வழக்கம்போலத் தீபாவளி வாரத்தில் கொடுத்தால் 2025-26க்கான செலவு அந்த ஆண்டில் கிடைக்காது. அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். மூன்று லட்சம் போனஸுக்கு 93,600 ரூபாய் வரியை ஒரு வருடம் முன்னதாகக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். திரும்ப வரும், ஆனால் சீசன் நேரத்தில் அந்தப் பணம் இல்லாமல் துணிக் கொள்முதல் நிற்கும்.

ஆகவே செய்ய வேண்டியது: அக்டோபர் கடைசி வாரத்திலேயே வங்கிக் கணக்கில் போனஸைப் போட்டுவிடுங்கள். ஜவுளி எடுக்க விளக்குத்தூண் பக்கம் போகிறவர்களுக்கும் அது வசதிதான். கடைசி வாரக் கூட்டத்தில் இடிபட வேண்டாம். வெற்றிலை பாக்குத் தட்டைக் கைவிடச் சொல்லவில்லை. என் கப்பலூர் நண்பர் இப்போது அதே தட்டில் ஸ்வீட் பாக்ஸும் வங்கியில் போட்ட ரசீதும் வைத்துக் கொடுக்கிறார். முதல் வருடம் இரண்டு பேர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள் என்று சொன்னார்.

ரொக்கமே கொடுத்தாக வேண்டிய நிலை என்றால், ஒரு நாளில் ஒரு ஆளுக்கு 10,000க்குள். சனிக்கிழமைக் கூலியாக வாரத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் கொடுக்கிற இடங்களில் இந்தத் தொல்லை இல்லை. மாதச் சம்பளம் 16,000 ரூபாயை ஒரே நாளில் ரொக்கமாக எண்ணிக் கொடுக்கிறவர் மாதாமாதம் அதே தப்பைச் செய்கிறார்.

ஐந்தாவது: கிராஜுவிட்டி

ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் விலகும்போது, கடைசி ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்கினால் தொகை. ஊதியம் 15,600, சேவை 11 வருடம் 8 மாதம் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் இருப்பது முழு வருடமாகிவிடும்: 9,000 பெருக்கல் 12, ஆக 1,08,000 ரூபாய். 20 லட்சம் வரை வாங்குகிறவருக்கு வரி இல்லை. கொடுக்க வேண்டி வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் இருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மிச்சம் ஊதியமாகவே எண்ணப்படும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்துப் படிகளை ஏற்றிக் கிராஜுவிட்டியைக் குறைக்கிற பழைய வித்தை இனிச் செல்லாது.

வரிக்கு வருவோம். கணக்கில் "கிராஜுவிட்டி ஒதுக்கீடு ஒரு லட்சம்" என்று எழுதினால் மட்டும் செலவாகாது, 40ஏ(7) தடுக்கிறது. கழிவு கிடைக்க இரண்டு வழிதான். ஒன்று, ஆள் விலகி, தொகை கொடுக்க வேண்டி வந்து, நீங்கள் கொடுத்தது. இரண்டு, வருமான வரித்துறை அங்கீகரித்த கிராஜுவிட்டி நிதிக்கு ஆண்டுதோறும் கட்டுவது. எல்.ஐ.சி. போன்றவர்களின் குரூப் கிராஜுவிட்டித் திட்டம் இந்த இரண்டாவது வழி. ஆனால் பாலிசி எடுத்தால் மட்டும் வேலை முடியாது: டிரஸ்ட் பத்திரம் எழுதி, டிரஸ்டிகளை நியமித்து, வருமான வரி முதன்மை ஆணையரிடம் விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்க வேண்டும். ஆண்டுப் பங்கு சம்பளத்தில் 8.33 சதவீதம் வரை. பிரீமியத்தை ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டியிருக்க வேண்டும். பத்துப் பதினைந்து பழைய ஆட்கள் இருக்கும் பட்டறைக்கு இது கட்டாயம் வேண்டும் என்பேன். ஒரே வருடத்தில் மூன்று பேர் ஓய்வு பெற்றால் யூனிட் ஆட்டம் கண்டுவிடும்.

நாமே ஒரு தொழிலாளர் நல நிதி ஆரம்பித்து மாதம் ஐயாயிரம் போடுவோம் என்று சிலர் நல்ல மனதோடு கிளம்புவார்கள். அங்கீகாரம் இல்லாத நிதிக்குப் போகும் பணம் 40ஏ(9)இல் வெட்டுப்படும். சட்டமே கட்டச் சொல்லும் தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிக்கு இந்தத் தடை இல்லை. அதை ஜனவரி 31க்குள் கட்டிவிடுங்கள்.

ஆறாவது: சில்லறை விஷயங்கள்

இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிய சூப்பர்வைசர், கட்டிங் மாஸ்டர் போன்றவர்களுக்குக் குரூப் மருத்துவக் காப்பீடு எடுத்தால் பிரீமியம் செலவாகும். ரொக்கமாகக் கட்டினால் ஆகாது. வாங்குகிறவருக்கு வரி இல்லை.

பொருளாகக் கொடுக்கும் பரிசு ஆண்டுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய்க்குள் இருந்தால் அவருக்கு வரி கிடையாது. வேட்டி, சேலை, ஸ்வீட் எல்லாம் இதில். பணமாகக் கொடுத்தால் அது சம்பளம். பரிசுப் பொருள் வாங்கியதற்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு எடுக்காதீர்கள். வேலை நேரத்து டீக்கும் வடைக்கும் யாரும் வரி கேட்க மாட்டார்கள்.

வட்டியில்லாக் கடன் மொத்தம் 20,000 ரூபாய்க்குள் என்றால் சலுகையாகக் கணக்கில் வராது. கடன் 20,000 அல்லது அதற்கு மேல் என்றால் வங்கி வழியாக மட்டும். ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொழிலாளிக்கே அபராதம் வரும். மகள் கல்யாணத்துக்கு என்று வந்து நிற்பவரிடம் நோட்டுக் கட்டை நீட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உணவுக் கூப்பன், அந்தப் படி, இந்தப் படி என்று சம்பளத்தைப் பிரித்து வரி மிச்சப்படுத்தலாம் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். புதிய வரி முறையில் 2025-26க்கு 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 நிலைக் கழிவோடு 12.75 லட்சம். உங்களிடம் வேலை பார்ப்பவர்களில் எத்தனை பேர் அதைத் தாண்டுகிறார்கள்? ஒரு மேனேஜர் தாண்டினால், அவருக்கு என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் ஊதியத்தில் 14 சதவீதம் வரை நீங்கள் கட்டலாம். புதிய முறையிலும் அவருக்குக் கழிவு, உங்களுக்கும் செலவு.

ஏழாவது: ஆள் சேர்த்தால் கிடைக்கும் கூடுதல் கழிவு

இதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. ஆடிட் உள்ள தொழில், புதிதாக ஆள் சேர்த்து, மொத்த எண்ணிக்கை போன மார்ச் 31ஐவிடக் கூடியிருந்தால், புதியவர்களின் சம்பளத்தில் 30 சதவீதம் 80ஜேஜேஏஏ பிரிவில் மூன்று ஆண்டுக்குக் கூடுதலாகக் கழிக்கலாம். சம்பளச் செலவு ஏற்கெனவே கழிந்தது போக, இது மேலே கிடைப்பது. புதிய வரி முறையிலும் உண்டு.

நிபந்தனைகள்: சம்பளம் மாதம் 25,000க்குள், பி.எஃப். உறுப்பினர், சம்பளம் வங்கி வழியாக, ஆண்டில் 240 நாள் வேலை. ஆயத்த ஆடை, செருப்பு, தோல் தொழிலுக்கு 150 நாள் போதும். தையல் யூனிட் செப்டம்பர் 1 அன்று 6 பேரை 12,000 சம்பளத்தில் எடுத்தால் மார்ச்சுக்குள் 212 நாள். ஏழு மாதச் சம்பளம் 5,04,000. அதில் 30 சதவீதம் 1,51,200. மூன்று ஆண்டுக்கு 4,53,600 ரூபாய் கழிவு. அதே தேதியில் அதே ஆட்களை ஒரு இன்ஜினியரிங் பட்டறை எடுத்திருந்தால் இந்த ஆண்டு கிடையாது. அடுத்த ஆண்டு 240 நாள் முடித்தால் அப்போது தொடங்கும். ஆடிட்டர் 10டிஏ படிவத்தை ஆடிட் அறிக்கையோடு செப்டம்பர் 30க்குள் ஏற்ற வேண்டும். படிவம் இல்லையென்றால் கழிவும் இல்லை.

எட்டாவது: ஆடிட்டுக்கு முன் ஒரு ராத்திரி

சம்பளப் பதிவேட்டையும் பன்னிரண்டு மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்களையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: தொழிலாளி பங்கு எவ்வளவு, கெடு எது, பணம் போன நாள் எது. மார்ச் சந்தா ஏப்ரலில் போயிருக்கும். 15க்குள் என்றால் கவலை இல்லை. இந்தப் பட்டியல்தான் ஆடிட் அறிக்கையின் 3சிடி படிவத்தில் 20ஆம் பத்தியில் ஏறுகிறது. அதில் ஒரு தேதி தப்பாகத் தட்டச்சானாலும் வருமான வரித்துறையின் பெங்களூரு மையத்துக் கம்ப்யூட்டர் மனிதர் யாரையும் கேட்காமல் கழிவை வெட்டிவிடும்.

அப்படி 143(1)(ஏ) பிரிவில் உத்தேசத் திருத்தம் என்று மின்னஞ்சல் வந்தால் பதில் சொல்ல 30 நாள். சலானில் உள்ள தேதி சரியாக இருந்து படிவத்தில் மட்டும் தப்பு என்றால், சலானை இணைத்து மறுப்புத் தெரிவியுங்கள். உண்மையிலேயே 16ஆம் தேதி கட்டியிருந்தால் வாதாட எதுவும் இல்லை. ஒப்புக்கொண்டு வரியைக் கட்டிவிட்டு, அந்த மாதம் ஏன் ஒரு நாள் தள்ளியது என்று உங்கள் சம்பளக் கிளார்க்கிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் அந்த வருடம் கிடைத்த பதில்: "சார், ஓ.டி.பி. முதலாளி போனுக்குத்தான் வரும். அவரு அலங்காநல்லூர்ல இருந்தாரு."